பழைய டேபிள் சாவுக்கு ஸ்ப்ளிட்டர் வைத்தால் மரம் திருப்பி அடிப்பது நிற்குமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து 10 அங்குல வார்ப்பிரும்பு டேபிள் சா வாங்கியிருக்கிறீர்கள். பிளேடுக்கு மேல் மூடி இல்லை, பின்னால் அறுத்த பிளவுக்குள் நிற்கும் தகடான ஸ்ப்ளிட்டரும் இல்லை. வேப்பம்பலகையை நீளவாக்கில் கிழித்து ரீப்பர் எடுக்கும்போது, பாதி தூரத்தில் மரம் பிளேடைக் கவ்விப் புகைந்து, உங்கள் பக்கமே திரும்பி வந்து வயிற்றில் இடித்திருக்கிறது. பிளேடுக்குப் பின்னால் மேசையில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வைத்துவிடலாமா, எத்தனை மில்லி தடிப்பு, எவ்வளவு தள்ளி என்று கேட்கிறீர்கள். தடிப்புக்கும் தூரத்துக்கும் நேரடியான பதில் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அதை வைத்துவிட்டால் இனி மரம் என்மேல் பாயாதா என்பதைத்தான். பிளேடின் நேர்கோட்டில், பல்லுக்கு நெருக்கமாக வைத்தால் பெரும்பாலும் பாயாது. கோணலாகவோ தள்ளியோ வைத்தால் பாயும். சில நேரம் அந்தப் பட்டையே அதற்குக் காரணமாகவும் ஆகிவிடும். நான் பட்டறையில் மெஷின் ஓட்டிவிட்டு, பிறகு பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன். மெஷின் வடிவமைக்கிற என்ஜினியர் இல்லை. அதனால் வேலையில் நிச்சயப்பட்டதை நிச்சயமாகவும், தொழிலாளிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடுவதை அப்படியேயும் சொல்கிறேன்.

முதலில் மரம் ஏன் திரும்பி வருகிறது என்று பார்த்துவிடலாம். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசைமேல் கீழே அழுத்துகின்றன, அங்கே பயமில்லை. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் உங்கள் பக்கம் திரும்புகின்றன. அறுபட்டு முடிந்த பகுதி அந்தப் பின்பற்களில் பட்டால் பலகை தூக்கப்பட்டு, பிளேடின் உச்சிமேல் ஏறி, ஓட்டுபவனை நோக்கி வீசப்படும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் வினாடிக்குச் சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். அந்த வேகம் முழுவதும் மரத்துக்கு வராது. ஆனால் அதில் ஒரு பங்கு வந்தாலே கையால் தடுக்க நேரம் இருக்காது.

பின்பற்களில் மரம் படுவதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, அறுத்த இடைவெளி மூடிக்கொள்வது. மரத்துக்குள் இருந்த இறுக்கம் அறுத்தவுடன் விடுபடும்போது இரண்டு பாதியும் உள்பக்கமாக வளைந்து பிளேடைக் கவ்வும். இளமரத்தில் இது அதிகம். தைலமரத்தில் சொல்லவே வேண்டாம். தோட்டத்தில் சீக்கிரம் வெட்டிய தேக்கிலும் வரும். வேம்பு, மா இரண்டிலும் நார் ஒரே பக்கமாக ஓடாமல் பின்னிப்பின்னி ஓடுவதால் எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். சரியாகக் காயாத பலகை என்றால் இன்னும் மோசம். இரண்டாவது வழி, பலகை கைடை, அதாவது பலகை ஒட்டி நகரப் பிளேடுக்கு வலப்பக்கம் நிறுத்தும் நேர்ப்பட்டையை, விட்டு இடப்பக்கம் நழுவுவது. நீங்கள் பின்னாலிருந்து தள்ளும்போது அரை மில்லி கோணலானால் போதும், கைடுக்கும் பிளேடுக்கும் நடுவிலுள்ள துண்டின் பின்மூலை பின்பற்களில் ஏறிவிடும். நீங்கள் எழுதியதில் "புகைந்தது" என்ற விவரம் முதல் வழியைக் காட்டுகிறது. ஆனால் கைடு பின்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தாலும் அதே புகைதான் வரும். அதைச் சோதிக்காமல் மரத்தின் மேல் பழி போடக்கூடாது.

ஸ்ப்ளிட்டர் இந்த இரண்டையும் தடுக்கும். பிளேடுக்குப் பின்னால் அறுத்த கோட்டுக்குள் நிற்கும் மெல்லிய தகடுதான் அது. இடைவெளி மூடவும் விடாது, பலகை இடப்பக்கம் நழுவவும் விடாது. அந்தக் காலத்தில் இரண்டு ஆள் மேலும் கீழும் நின்று மரம் அறுத்தபோது, அறுத்த பிளவில் ஆப்பு இறக்குவார்கள். ஆப்பசைத்த குரங்கின் வால் மாட்டிக்கொண்டதும் அப்படிப் பாதி அறுத்துப் போட்ட மரத்தில்தான். அந்த ஆப்பைப் பிளேடுக்குப் பின்னால் நிரந்தரமாக நிறுத்திவைத்தால் அதுதான் ஸ்ப்ளிட்டர். அது செய்யாத வேலைகளும் உண்டு. கையை வெட்டுவதைத் தடுக்காது. அதற்கு மேல்மூடியும் தள்ளுகுச்சியும் வேண்டும். கைடைப் பிடிக்காமல் வெறுங்கையால் பலகையைத் தள்ளினால் பிளேடின் முன்பக்கத்திலேயே மரம் திருகிக்கொள்ளும், அதையும் தடுக்காது.

இது ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் நம் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. வட்டரம்பத்துக்குப் பின்னால், அதன் நேர்கோட்டில், வழவழப்பான உறுதியான ஒரு தகடு இருக்கவேண்டும். மேசை மட்டத்தில் பல்லிலிருந்து 10 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது. 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிளேடு என்றால் தகட்டின் உயரம் பிளேடு உச்சியிலிருந்து 25 மில்லிமீட்டருக்குள் வரவேண்டும் என்று அளவோடு சொன்னது. பிரிட்டனில் 1922-லேயே இப்படி விதி வந்துவிட்டது. நம் ஊர் சின்னப் பட்டறைகள் ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வந்ததில்லை. அதனால் கேட்பாரில்லை. ஆனால் மரத்துக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. 10 மில்லி என்ற அந்த அளவை நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பழைய மெஷினில் சிக்கல். புதிய மெஷின்களில் வரும் தகடு, ரிவிங் நைஃப் என்பார்கள், பிளேடு ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும், சாய்த்தால் சாயும். அதனால் எந்த உயரத்திலும் பல்லுக்கு ஒரே தூரத்தில் நிற்கும். நீங்கள் மேசையில் பொருத்தப்போவது அசையாது. பிளேடை இறக்க இறக்க அதன் பின்விளிம்பு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 அங்குல பிளேடின் ஆரம் 127 மில்லி. பிளேடு மேசைக்கு மேல் 75 மில்லி நிற்கும்போது, மேசை மட்டத்தில் பின்பல் அச்சிலிருந்து சுமார் 116 மில்லி தள்ளி இருக்கும். 25 மில்லிக்கு இறக்கினால் அது 76 மில்லியாகிவிடும். 40 மில்லி வித்தியாசம். 75 மில்லி உயரத்துக்கு 6 மில்லி இடைவெளியில் வைத்த ஸ்ப்ளிட்டர், முக்கால் அங்குலப் பலகை அறுக்கும்போது 46 மில்லி பின்னால் நிற்கும். அந்த 46 மில்லிக்குள் பலகை நழுவவும் கவ்வவும் தாராளமாக இடமிருக்கிறது. அச்சு நேர்குத்தாக ஏறும் மெஷினுக்கு இந்தக் கணக்கு. பல பழைய மெஷின்களில் அச்சு ஒரு வில்போல வளைந்து ஏறும். அங்கே எண் கொஞ்சம் மாறும். உங்களுடையதைக் கண்டுபிடிக்க, கரண்டைப் பிடுங்கிவிட்டு பிளேடை முழுதும் ஏற்றி, பின்பல் மேசையைத் தொடும் இடத்தில் மேசை ஓரம் பென்சில் கோடு போடுங்கள். 25 மில்லிக்கு இறக்கி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் மெஷினின் நிஜமான எண்.

ஆகவே வெல்டிங் வேண்டாம். ஒரே உயரத்துக்குத்தான் சரியாக இருக்கும் என்பது ஒரு காரணம். வார்ப்பிரும்பை முன்சூடு இல்லாமல் வெல்டு வைத்தால் ஓரத்தில் வெடிப்பு விடும், மேசையும் கோணிப்போகலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பள்ளம் அறுக்கும்போதும் பிளேடைச் சாய்த்து அறுக்கும்போதும் அதைக் கழற்றியே ஆகவேண்டும். ஸ்பேனர் தேடிக் கழற்றவேண்டிய எதுவும் ஒருமுறை கழன்றால் அலமாரிக்குப் போய்விடும், திரும்ப வராது. உங்கள் மெஷினில் மூடியும் ஸ்ப்ளிட்டரும் இல்லாமல் போனதும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். வந்தபோது இருந்திருக்கும். மேசைக்குப் பின்புறமும் பிளேடு தாங்கும் வார்ப்பின் பின்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை போட்ட துளையோ ஒரு தண்டு நுழையும் ஓட்டையோ இருந்தால் அது பழைய ஸ்ப்ளிட்டரின் இடம். அங்கே 2.5 மில்லி இரும்புத் தகட்டை ஒரு கோணப்பட்டையோடு போல்டு போடலாம். அந்த வார்ப்பு பிளேடோடு சாயும் என்பதால் சாய்த்து அறுக்கும்போதும் உதவும். ஆனால் அதுவும் ஏறி இறங்காது.

நான் சொல்லிக்கொடுப்பது இன்சர்ட்டில் வைக்கும் மரத்தாலான ஸ்ப்ளிட்டர். பிளேடு வெளியே வரும் துளையை மூடும் தட்டைத்தான் இன்சர்ட் என்கிறோம். அதை நீங்களே 12 மில்லி பிளைவுட்டில் செய்யலாம்; துளையின் விளிம்பு ஆழம் அதைவிடக் குறைவாக இருந்தால் ஓரத்தைச் சுற்றித் தடிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றல்ல, இரண்டு செய்யுங்கள்: பலகை வேலைக்குத் தாழ்ந்த உயரத்துக்கு ஒன்று, கட்டை அறுக்க உயர்ந்த உயரத்துக்கு ஒன்று. வீட்டுத் தச்சு வேலையில் முக்கால்வாசி ஒரு அங்குலத்துக்குக் குறைந்த பலகைதான், அதனால் முதலாவதை இன்றே செய்தாலும் போதும்.

அதற்கு முன் மெஷினைச் சரிபார்க்கவேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிளேடில் ஒரு பல்லுக்கு மார்க்கர் குறி போடுங்கள். மேசையில் மைட்டர் (குறுக்கே அறுக்கும்போது பலகையைத் தாங்கித் தள்ளும் கருவி) ஓடும் பள்ளத்தில், கோல் நகரும் மூலைமட்டத்தை ஒட்டி வைத்து, குறி போட்ட பல்லை முன்னால் கொண்டுவந்து மட்டத்தின் முனை பல்லைத் தொடும்படி பூட்டுங்கள். பிளேடைக் கையால் திருப்பி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய், மட்டத்தையும் பின்னால் நகர்த்திப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி தொடவேண்டும். வித்தியாசம் ஒரு ஜெராக்ஸ் தாள் நுழையும் அளவுக்குள், அதாவது 0.1 மில்லிக்குள் இருந்தால் நல்லது. கூட இருந்தால் மேசைக்கு அடியில் பிளேடு தாங்கியைப் பிடித்திருக்கும் போல்டுகளை இளக்கித் தட்டிச் சரிசெய்யவேண்டும். அடுத்து கைடை அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். பின்பக்கம் தாள் தடிப்பு அளவு வெளியே விலகியிருக்கட்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள், துல்லியமாக இணையாகவே இருக்கட்டும் என்று இன்னொரு சாரார். இரண்டிலும் வேலை நன்றாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தேகமே இல்லாதது ஒன்றுதான்: பின்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கக்கூடாது.

இப்போது தடிப்பு. வெர்னியரில் இரண்டு இடம் அளக்கவேண்டும்: பிளேடின் உடல், பல்லின் அகலம். சாதாரண 10 அங்குல கார்பைடு பிளேடில் பல் 3.2 மில்லி, உடல் 2.2 மில்லி அளவில் இருக்கும். மெல்லிய வகையில் பல் 2.4 அளவுக்கு வரும். ஸ்ப்ளிட்டர் உடலைவிடத் தடிமனாகவும் பல்லைவிட மெல்லிசாகவும் இருக்கவேண்டும். 3.2 பல்லுக்கு 2.7 அல்லது 2.8 நன்றாக இருக்கும். உடலைவிட மெல்லிசாக இருந்தால், மரம் முதலில் பிளேடைக் கவ்வும், பிறகுதான் ஸ்ப்ளிட்டரைத் தொடும். அப்படி ஒன்று இருந்தும் பயனில்லை. பல்லைவிடத் தடிமனாக இருந்தால் பலகை பாதியில் சிக்கி நிற்கும், நீங்கள் பலம் கொடுத்துத் தள்ளுவீர்கள், கை பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும். பிளேடைச் சாணை பிடித்துக்கொண்டு வந்தால் பல் கொஞ்சம் குறுகும் என்பதால் மறுபடி அளந்துபாருங்கள்.

இன்சர்ட் செய்ததும் துளையில் போட்டு, பிளேடை முழுதும் கீழே இறக்கி, இன்சர்ட் எழும்பாமல் அதன்மேல் ஒரு கனமான கட்டையைக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் கிளாம்பு போடுங்கள். பிளேடு ஏறி வரும் இடத்துக்கு மேலே கட்டை இருக்கக்கூடாது. கையால் பிடித்துக்கொண்டு ஏற்றும் வேலையே வேண்டாம். மெஷினை ஓடவிட்டு மெதுவாக 30 மில்லி வரை மட்டும் ஏற்றுங்கள். பிளேடு தனக்கு வேண்டிய வாயைத் தானே அறுத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு, அந்த வாயின் பின்முனையிலிருந்து அதே கோட்டில் இன்னும் 45 மில்லி கைரம்பத்தால் நீட்டுங்கள். இந்த நீட்டலில்தான் ஸ்ப்ளிட்டர் உட்காரும். தேக்கு, பூவரசு மாதிரி உறுதியான மரத்தில் 3.2 மில்லித் துண்டு ஒன்றை இழைத்து எடுங்கள். நார் மேலும் கீழுமாக ஓடவேண்டும். படுக்கைவாக்கில் வைத்தால் முதல் அழுத்தத்திலேயே இன்சர்ட் மட்டத்தில் ஒடியும். பல்லிலிருந்து 6 மில்லி பின்னால், ஃபெவிகால் வைத்து நிறுத்துங்கள். இன்சர்ட்டுக்கு மேலே 25 மில்லி நின்றால் போதும்.

காய்ந்தபிறகு செய்யும் இழைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே நிற்கும் பகுதியை 2.7 மில்லிக்குக் குறைக்கவேண்டும் அல்லவா, அதை இரண்டு பக்கமும் சமமாக எடுக்காமல், பெரும்பகுதியைக் கைடுக்கு எதிர்ப்பக்கத்தில் எடுங்கள். கைடுப் பக்கத்து முகம், பல்லின் கைடுப் பக்க விளிம்போடு கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கட்டும். நேரான இரும்பு அடிக்கோலைப் பல்லில் சாய்த்துப் பின்னோக்கி நீட்டினால் ஸ்ப்ளிட்டரை உரசியும் உரசாமலும் போகவேண்டும். அப்போது அது பலகையை இடப்பக்கம் நழுவவிடாமல் கைடோடு ஒட்டி வைத்திருக்கும். நடுவில் நிறுத்தினால் போதும் என்பவர்களும் உண்டு. இணை சரியாக இருக்கும் மெஷினில் அதுவும் ஓடும். ஆனால் ஒரு நூல்கூட கைடுப் பக்கம் பல்லைத் தாண்டி வரக்கூடாது, வந்தால் பலகை மோதி நிற்கும். முன்விளிம்பைத் தோணியின் மூக்குபோல இரண்டு பக்கமும் சற்றே சரித்துவிடுங்கள், பலகை தடங்காமல் நுழையும்.

இன்சர்ட் ஆடக்கூடாது. பக்கத்து ஓரங்களில் சின்ன ஸ்குரூ ஏற்றி, துளைக்குள் இறுக்கமாக உட்காரும்வரை திருகுங்கள். பின்முனையில் ஒரு ஆணி அரை அங்குலம் நீட்டிக்கொண்டு மேசையின் அடியில் நுழையும்படி வைத்தால், மரம் தூக்கினாலும் இன்சர்ட் எழும்பாது. கடைசியாக, இன்சர்ட்டின் மேலேயே மார்க்கரில் "30 மி.மீ-க்கு மேல் ஏற்றாதே" என்று எழுதுங்கள். மறந்து ஏற்றினால் பிளேடு ஸ்ப்ளிட்டரை அறுத்துவிடும். மரமாக இருப்பதால் போவது ஒரு துண்டு மரம்தான். பழைய ஹேக்சா பிளேடை ஒடித்து நிறுத்தும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அது கெட்டியான எஃகு, பல்லில் பட்டால் இரண்டும் தெறிக்கும்.

உயர்ந்த இன்சர்ட்டும் இதே முறைதான். பிளேடை 75 மில்லிவரை ஏற்றியபின் பின்னால் மிஞ்சும் இடம் பல மெஷின்களில் குறுகலாக இருக்கும். அங்கே 2.5 மில்லி அலுமினியத் தகடு ஒன்றை இரண்டு சின்ன ஸ்குரூவால் கீழிருந்து பிடிப்பது சுலபம்.

ஓட்டிப் பார்க்கும்போது முதலில் பிளைவுட் துண்டு போடுங்கள், அதில் உள்ளிறுக்கம் குறைவு. ஸ்ப்ளிட்டரை எட்டும்போது தள்ளுவதற்குக் கனமாகத் தெரிந்தால் தடிப்போ கோடோ தவறு. கைடுப் பக்கத்து வெட்டில் கரிக்கோடு விழுந்தால் கைடின் பின்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டும் இல்லையென்றால் நல்ல தேக்கு ரீப்பர் ஒன்று அறுத்துவிட்டு, பிறகு அந்த வேம்புக்குப் போங்கள்.

வேம்புக்கு இன்னொரு உபாயமும் உண்டு, செலவில்லாதது. கைடின் முகத்தில் ஒரு நேரான பலகையைப் பிடித்து, அது பிளேடின் நடுவோடு முடிந்துவிடும்படி வையுங்கள். அறுபட்ட துண்டுக்குப் பின்னால் கைடே இருக்காது. அது வளைய விரும்பினால் வெளியே வளைந்துகொள்ள இடம் இருக்கும், பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் நெருக்கப்படாது. முழு மரம் கிழிப்பதற்கு மட்டும் இது. பிளைவுட்டுக்கு முழு நீளக் கைடே நல்லது. பலகையின் கைடுப் பக்க விளிம்பு நேராக இழைத்ததாகவும், மேசையில் படும் முகம் ஆடாததாகவும் இருக்கவேண்டும். மரக்கடையிலிருந்து வந்தபடியே வளைந்த விளிம்பைக் கைடில் வைத்து ஓட்டினால் எந்த ஸ்ப்ளிட்டரும் காப்பாற்றாது.

உதவிக்கு எதிரே நிற்கும் பையனைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி நேரம் மரம் கவ்வுவதற்கு அவன் கைதான் காரணம். நல்லெண்ணத்தில் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பான், அல்லது சீக்கிரம் முடியட்டும் என்று இழுப்பான். இரண்டும் கூடாது. உள்ளங்கையைக் கீழே கொடுத்துத் தாங்கினால் போதும். அதைவிட மேசை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வைத்துவிடுவது நல்லது. நீங்களும் பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பாதியில் மரம் கவ்வுவது தெரிந்தால் பின்னால் இழுக்காதீர்கள். பலகையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்விட்சை நிறுத்தி, பிளேடு நின்றபிறகு பிளவில் ஆப்பு வைத்து விடுவியுங்கள். இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது முழங்காலால் தட்டி நிறுத்தும்படி பெரிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றை மேசைக்கு முன்னால் தாழ்வாக வையுங்கள். அது இல்லாமல் அந்த மெஷினை ஓட்டவேண்டாம் என்றே சொல்வேன்.

இதையெல்லாம் செய்தபிறகும் கவ்வுகிற மரம் உண்டு. அறுக்க ஆரம்பித்த அரை அடியிலேயே பிளவு மூடுவது கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பலகையை டேபிள் சாவில் முடிக்கப் பார்க்காதீர்கள். நிறுத்தி எடுத்து பேண்ட் சாவில், அதாவது நாடாபோல ஓடும் ரம்பத்தில், கொடுங்கள். அங்கே பிளேடு மரத்தை மேசைமேல் கீழ்நோக்கி அழுத்துவதால் உங்கள்மேல் எறிய வழியில்லை. பேண்ட் சா இல்லையென்றால் பக்கத்து சா மில்லில் கிழித்து வாங்கிவந்து, சில வாரம் அடுக்கிக் காயவிட்டு, பிறகு அளவுக்கு இழைத்துக்கொள்ளலாம்.

பழைய துளை ஏதாவது கண்ணில் பட்டால் அதன் விட்டம், அது எந்த வார்ப்பில் இருக்கிறது, பிளேடு உடல், பல் அளவு, இன்சர்ட் துளையின் ஆழம் ஆகியவற்றை எழுதுங்கள். போல்டு போடும் வகைக்கு தகட்டின் வடிவத்தை வரைந்து தருகிறேன்.